இருபது மூச்சு

எங்கள் நர்சிங் ஹோமில் எல்லோரும் நிமிடத்துக்கு இருபது மூச்சுதான் விட்டார்கள். எண்பது வயதுக்காரரும் இருபது, பிள்ளை பெற்றவளும் இருபது, காய்ச்சலில் அனத்திக்கொண்டு கிடந்தவரும் இருபது. சார்ட்டில் காய்ச்சல், நாடி, பிரஷர் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். மூச்சுக்கான கட்டத்தில் மட்டும் மேலிருந்து கீழ்வரை இருபது, இருபது, இருபது என்று இறங்கும். மற்றதை அளக்கக் கருவி இருந்தது. மூச்சை எண்ண ஒரு முழு நிமிடம் சும்மா நிற்க வேண்டும். பதினாறு நோயாளிக்கு இரண்டு பேர் என்று ஓடிக்கொண்டிருந்த எங்களுக்குச் சும்மா நிற்பது மகா கஷ்டமாக இருந்தது. இத்தனைக்கும் முதல் வருடப் பாடம் அது. நோயாளியின் மார்பில் கையை வை, கடிகாரத்தைப் பார், அறுபது வினாடி எண்ணு. பரீட்சையில் அதற்கு முழு மதிப்பெண் வாங்கியவள் நான். வாங்கி என்ன பிரயோஜனம்?

மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள் இருந்தது அந்தக் கட்டடம். இரண்டாவது மாடியின் கடைசி அறையில் இரண்டு கட்டில்கள். வாசல் பக்கம் ஒன்று, ஜன்னல் பக்கம் ஒன்று. ஜன்னல் கட்டிலில் படுத்தால் பறக்கும் ரயில் போவது தெரியும். அதனால் எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். எங்கள் ஆயாவுக்கு மட்டும் அந்தக் கட்டிலைக் கண்டாலே ஆகாது.

"அந்தக் கட்டிலு சரியில்ல சிஸ்டர். ஆளை இஸ்துக்கினு போயிடுது. நீ வேணா பாத்துக்கினே இரு" என்பார்.

"நீ மொதல்ல பெட்பேனை எடு ஆயா" என்று நான் விரட்டுவேன்.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, கால் எலும்பு உடைந்து ஆபரேஷன் முடிந்த ஒரு பெரியவர் அந்தக் கட்டிலில்தான் போனார். மத்தியானத் தூக்கத்திலேயே போய்விட்டார். கொடுத்து வைத்தவர் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கடைசியில மூச்சு கீச்சு வாங்கினாரா சிஸ்டர்? கஷ்டப்பட்டாரா?"

நான் சார்ட்டைப் பார்த்தேன். "இல்லம்மா. ரெண்டு மணிக்குக்கூட நானே பார்த்தேன். நல்லா சீராத்தான் விட்டுக்கிட்டிருந்தாரு."

அந்த அம்மாள் என் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. மாதாமாதம் பிரஷர் பார்க்க என்னிடம் வருபவர், அதற்குப் பிறகும் வந்துகொண்டிருந்தார்.

அதன் பிறகு ஒரு நாள் அந்த அறையைத் தாண்டிப் போகும்போது, ஜன்னல் கட்டிலில் போர்வை மெதுவாக எழும்பி அடங்குவதைப் பார்த்தேன். யாரோ தூங்குகிறார்கள் என்று நினைத்து இரண்டடி நடந்த பிறகுதான் அந்தக் கட்டிலுக்கு அன்று ஆளே வரவில்லை என்பது நினைவுக்கு வந்தது. திரும்பிப் பார்த்தேன். காலியான கட்டிலில் விரித்த போர்வை, எழும்பியது, அடங்கியது. ஃபேன் அதற்கு நேர் மேலே சுற்றிக்கொண்டிருந்தது. அட, காற்று! என்னை நானே திட்டிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனேன். அன்றே கொஞ்சம் நின்று யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து அந்தக் கட்டிலுக்கு ஒரு பெண் வந்தாள். கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். அவள் கணவர் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் இருந்தார். காலையெல்லாம் அவள் வலியில் துடித்தாள். பன்னிரண்டரைக்கு டாக்டர் சொன்னபடி வீரியமான வலி ஊசி போட்டேன். வலியை அமுக்கும் அந்த மருந்து அளவு மீறினால் மூச்சையும் சேர்த்து அமுக்கிவிடும். அதுவும் எனக்குத் தெரிந்த பாடம்தான்.

இரண்டு மணிக்கு ரவுண்ட்ஸ் போனபோது அவள் கணவர் கதவருகிலேயே என்னை மறித்தார். "எழுப்பிடாதீங்க சிஸ்டர். இப்பத்தான் கண்ணை மூடியிருக்கா. நல்லா குறட்டை விட்டுத் தூங்குறா."

வாசலில் நின்றே பார்த்தேன். மூக்கில் ஆக்சிஜன் குழாய். விரலில் மாட்டிய கருவியில் தொண்ணூற்றேழு. போர்வை எழும்பி அடங்கியது. இருபது என்று எழுதினேன். அவர் நிம்மதியாகக் கீழே சாப்பிடப் போனார்.

கால் மணி நேரம் கழித்து வாசல் கட்டில் மாமிக்கு டிரிப்ஸ் மாற்றப் போனேன். சர்க்கரைப் புண்ணுக்காக வந்திருந்தவர். படுத்தபடியே பக்கத்துக் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இவ இத்தனை நாழி குறட்டை விட்டுண்டிருந்தா. இப்போ சத்தத்தையே காணோமே."

"நல்லா அசந்து தூங்குறாங்க மாமி."

"என்னமோ போ. அந்த ஃபேனையாவது நிறுத்து. நேக்குக் குளிர்றது."

சுவிட்சைத் தட்டினேன். ஃபேன் வேகம் குறைந்து, கிறீச்சிட்டு, நின்றது. கூடவே போர்வையும் நின்றது.

எழும்பும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வெளியே ரயில் ஒன்று முழுதாகப் போய் முடிந்தது. போர்வை எழும்பவில்லை. மத்தியான வெயில் அதன் மேல் பளீரென்று விழுந்துகிடந்தது. விரல் கருவி தொண்ணூற்றாறு என்று சாவதானமாகக் காட்டியது. ஆக்சிஜன் போய்க்கொண்டிருக்கும்போது மூச்சு குறைந்தாலும் அந்த எண் சீக்கிரம் விழாது. என் கையில் இருந்த சார்ட்டோ இருபது என்றது.

போர்வையை இழுத்துப் போட்டுவிட்டு அவள் மார்பில் கையை வைத்தேன். ஒன்றுமில்லை. பிறகு ஒன்று. அடுத்ததற்காக நான் காத்திருந்த நேரம் இன்னும் என் உடம்பில் இருக்கிறது. இரண்டு. உதடு கறுத்துக்கொண்டு வந்தது. தோளைப் பிடித்து உலுக்கினேன், பெயரைச் சொல்லிக் கத்தினேன், கண் திறக்கவில்லை. இமையைத் தூக்கினால், மருந்து அளவு மீறியதற்கு அடையாளமாக, கண்பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. "டாக்டரைக் கூப்பிடு ஆயா!" என்று அலறிவிட்டு, அவள் தாடையைத் தூக்கிப் பிடித்து, மாஸ்க்கை முகத்தில் அழுத்தி, பையைப் பிசைந்து பிசைந்து காற்றை உள்ளே தள்ளினேன். டியூட்டி டாக்டர் ஓடிவந்து அந்த ஊசியை முறிக்கும் மாற்று மருந்தை ஏற்றினார். இரண்டு நிமிடம் இருக்கும். அவள் முகம் சுளித்தாள். பிறகு, "அம்மா, வலிக்குதே!" என்று அலறினாள். அதைவிட இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு அழுதேன்.

"நான்தான் சொன்னேன்ல சிஸ்டர்" என்றார் ஆயா. "அந்தக் கட்டில்ல இன்னாவோ கீது."

இந்தத் தடவை நான் அவரை விரட்டவில்லை.

மறுநாள் காலை டியூட்டிக்கு முன்பாகவே போய், பழைய கேஸ் ஃபைல்கள் வைத்திருக்கும் அறையைத் திறந்தேன். பெரியவருடைய ஃபைலை எடுத்துப் பிரித்தேன். பன்னிரண்டே முக்காலுக்கு வலி ஊசி. அதே மருந்து. இரண்டு மணிக்கு என் கையெழுத்தில் இருபது. இரண்டரைக்கு, உடம்பு சில்லிட்டிருந்தது என்று டாக்டரின் குறிப்பு. அதற்குக் கீழே கோடு போட்டு முடித்திருந்தார்கள். சார்ட் சரியாக இருந்ததால் யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. அன்று அந்த அறையில் ஃபேன் ஓடியதா என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். ஓடாமல் இருக்குமா, கோடைக்காலம். இரண்டு மணிக்கு அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாரா என்பது எனக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியாது.

அந்த மாதமும் அவர் மனைவி பிரஷர் பார்க்க வந்தார். கையில் பட்டையைச் சுற்றி அளந்து எழுதினேன். பிறகு நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கடிகாரத்தையும் அவர் மார்பையும் மாறி மாறிப் பார்த்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். அதற்குப் பதில் அவர் மூச்சை எண்ண ஆரம்பித்தேன்.

"என்ன சிஸ்டர், இன்னிக்கு இவ்வளவு நேரம் பிடிச்சுக்கிட்டே இருக்கீங்க?" என்று சிரித்தார். "எங்க வீட்டுக்காரருக்கெல்லாம் வாசல்லேருந்தே பார்த்துட்டு டக்குனு எழுதிட்டுப் போயிடுவீங்களே."

எண்ணிக்கை தப்பிவிட்டது. கையை விடாமல், மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன். பதினேழு.