முன்பள்ளி மதிலில் இருக்கும் கல்

ஒரு மனிதர் ஊருக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு, அதன்மேல் தன் பெயரையும் எழுதிவைத்தால், அவர் கொடுத்தவரா, எடுத்துக்கொண்டவரா? கோப்பாயில் முன்பள்ளி நடத்தும் வசந்தினி ரீச்சருக்கு இந்தக் கேள்விக்குப் பதினொரு வருடமாக விடை கிடைக்கவில்லை. கேள்விக்குக் காரணமான அருளம்பலம், ஹாட்வெயார் கடை முதலாளி, ஜே.பி. எனப்படும் சமாதான நீதவான், ஊர்ச் சனசமூக நிலையத்தின் தலைவர். அந்த நிலையத்துக்கு வசந்தினி செயலாளர்.

அருளம்பலம் புகையிலைத் தோட்டக்காரர் ஒருவரின் மூன்றாவது மகன். தொண்ணூற்றாறில், போரால் இடம்பெயர்ந்த சனம் தென்மராட்சியிலிருந்து திரும்பி வந்தபோது பலருக்குச் சுவர் இருந்தது, கூரை இருக்கவில்லை. அவர் சந்தியில் ஒரு மேசையைப் போட்டு ஆணி விற்றார். பிறகு தகரம் வந்தது, அதற்குப் பிறகு சீமெந்து. மேசை கடையானது, கடைக்குப் பின்னால் களஞ்சியம் எழுந்தது. கெட்டிக்கார வியாபாரி என்று எல்லோரும் சொன்னார்கள். இரக்கமுள்ளவர் என்று எவரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆணி நிறுக்கும்போது தராசு நேரானால், விரலிடையில் மிஞ்சிய ஒற்றை ஆணியைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டுவிடுவார்.

அதே மனிதர்தான் பஸ் தரிப்பிடத்தைக் கட்டிக்கொடுத்தார். சுடலையில் மழைக்கு ஒதுங்க மண்டபம், கோயில் கிணற்றுக்குக் கட்டு, வாசிகசாலைக்குக் கதிரைகள் எல்லாம் அவருடையவை. ஒவ்வொன்றிலும் ‘உபயம்: சமூகசேவகர் அ. அருளம்பலம் ஜே.பி.’ என்று இருக்கும். கதிரைகளின் முதுகிலும் இருந்தது.

“மழை பெய்யேக்கை அண்ணாந்து பாருங்கோ, உபயம் ஆரெண்டு எழுதியிருக்கும்” என்பார் தேநீர்க்கடைக்காரர். அருளம்பலத்தின் காதுபடவே சொல்வார். அருளம்பலம் கோபித்ததில்லை. “எழுதாட்டி நாளைக்கு நீதான் கட்டினதெண்டு சொல்லுவாய்” என்று தேநீரைக் குடித்துவிட்டுப் போவார். பிரதேச சபைக்கு ஒரு தடவை தெரிவாகிப் போய்வந்தார். அங்கே என்ன பேசினார் என்று ஒருவருக்கும் ஞாபகமில்லை. ஆனால் அந்த நாலு வருடத்தில் ஊர் ஒழுங்கைகளுக்கு விளக்கு வந்தது.

கற்களுக்கான வாசகத்தை எழுதிக்கொடுப்பது வசந்தினியின் வேலை. எழுத்துப் பிழை வராது, கையெழுத்தும் தெளிவு. காணி யாருடைய நினைவாகக் கொடுக்கப்பட்டதோ அவர் பெயர் மேலே, ‘அமரர் இன்னார் ஞாபகார்த்தமாக’ என்று. கட்டிடம் கொடுத்தவர் பெயர் கீழே. பதினொரு கல்லுக்கு இப்படியே எழுதியிருக்கிறாள். பன்னிரண்டாவதற்கும் அப்படியே எழுதினாள். பிழை அங்கேதான் நடந்தது.

பன்னிரண்டாவது கல் அவளுடைய முன்பள்ளிக்கானது. தகரக் கொட்டிலில் மழை ஒழுக ஒழுக ஏழு வருடம் நடத்திய பள்ளிக்குக் குணலட்சுமி என்ற தாய் இரண்டு பரப்புக் காணி கொடுத்தாள். இரண்டாயிரத்து எட்டில் ரவுணுக்குச் சைக்கிள் ரியூப் வாங்கப் போய், அதன்பிறகு வீடு வராத ஒரே மகன் நிருஷனின் பெயர் அதில் இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவள் வேறொன்றும் கேட்கவில்லை. அருளம்பலம் கட்டிடத்தை முடித்தார். விசயதசமியன்று ஏடு தொடக்கலோடு திறப்பு விழா. இருபத்தாறு பிள்ளைகள் பதிந்திருந்தார்கள்.

விழாவுக்கு மூன்று நாள் இருக்கையில் வெளி மதிலில் கல்லைப் பதித்தார்கள். வளவு கூட்ட விளக்குமாற்றோடு வந்த குணலட்சுமி அதன் முன்னே நின்றாள். ‘அமரர்’ என்ற முதல் சொல்லிலேயே நின்றுவிட்டாள்.

“ரீச்சர், உதை ஆர் உமக்குச் சொன்னது?”

வசந்தினிக்கு முதலில் விளங்கவேயில்லை.

“ஒவ்வொரு வருஷமும் விதானையார் வாக்காளர் இடாப்பு எழுத வரேக்கை நான் அவன்ரை பேரைச் சொல்லுறனான். அந்தாளும் ஒண்டும் கதையாமல் எழுதிக்கொண்டு போகும். அரசாங்கமே இன்னும் என்ரை பிள்ளையை வெட்டேல்லை. நீங்கள் கல்லிலை வெட்டிப்போட்டியள்.”

சத்தம் போடவில்லை. வீட்டுக்குப் போய் ஆமைப் பூட்டொன்றைக் கொண்டுவந்து முன்பள்ளிப் படலையைப் பூட்டினாள். திறப்பை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வசந்தினி கடைக்கு ஓடினாள். “அண்ணை, பிழை என்ரை. கை பழக்கத்திலை எழுதிப்போட்டுது.”

“எழுதினது நீர். வாசிச்சிட்டு ஓம் எண்டது நான்.” அருளம்பலம் சிவப்புப் பென்சிலால் குழாயில் அளவு குறித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. “நானும் அந்தச் சொல்லைக் காணேல்லை ரீச்சர். அவற்றை கல், இவற்றை கல் எண்டு எத்தினை தரம் பாத்த சொல். கண் அதிலை நிக்கேல்லை. என்ரை பேரிலை இனிசல் சரியோ எண்டுதான் பாத்தனான்.”

“சொல்லை மட்டும் சாந்து வைச்சு மறைப்பமே?”

“மறைச்ச இடம் தெரியும். வேறை கல் போடுவம். எழுதித் தாரும்.”

அங்கேயே நின்று எழுதினாள். மேலே: ‘இக்காணி செல்லத்துரை நிருஷனின் பெயரால் அவர் தாயார் குணலட்சுமி வழங்கியது.’ கீழே வழக்கமான உபய வரி. அந்தச் சொல் எங்கும் இல்லை. அவர் வாங்கி இரண்டு தடவை வாசித்தார். “கோபிசங்கரிட்டை நானே குடுக்கிறன்” என்று சட்டைப் பைக்குள் வைத்தார். கோபிசங்கர் ரவுணில் கல் வெட்டுபவன்.

விசயதசமிக் காலை. ஒழுங்கை நிறையப் பிள்ளைகள், தாய்மார், ஏடு தொடக்க வந்த ஐயர். மதிலில் புதுக் கல், அதன்மேல் மஞ்சள் துணி. படலையில் பூட்டு அப்படியே இருந்தது. குணலட்சுமி எதிர்மதில் ஓரம் கைகட்டி நின்றாள். அவள் திறக்காவிட்டால் திரும்பக் கொட்டில்தான். வசந்தினி துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அருளம்பலம் துணியை இழுத்தார்.

மகனுடைய வரியில் குணலட்சுமி கண்ணை வைத்து எழுத்தெழுத்தாக வாசித்தாள். முகம் மெல்ல இளகியது. பிறகு அடுத்த வரிக்குப் போனாள். அங்கே நெற்றி சுருங்கியது. அதற்குள் கூட்டத்தில் ஒருவர் உரத்து வாசித்துவிட்டார்: “உபயம்: அமரர் அ. அருளம்பலம் ஜே.பி.”

கல்லுக்கு அருகிலேயே வெள்ளை வேட்டியோடு நின்றுகொண்டிருந்த மனிதரை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“தம்பி, உமக்கு விசரோ?” என்றாள் குணலட்சுமி.

“நல்லநேரம் போகுது அக்கா. திறவுங்கோ.”

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். பூட்டுத் திறந்ததும் பிள்ளைகள் அவளை இடித்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள்.

அருளம்பலத்தின் மனைவி உதயகலா உள்ளே போகவில்லை. “நெத்தியிலை குங்குமத்தோடை நிக்கிறன், பக்கத்திலை நிண்டுகொண்டு என்னை விதவையாக்கிறியள். வெட்டினவன்ரை கை முறியாதோ?” என்று ஒழுங்கையில் நின்று அழுதாள். அவர் சால்வையைச் சரிசெய்துகொண்டு, ஏடு தொடக்கும் பிள்ளைகளுக்கு அரிசித் தட்டு எடுத்துக்கொடுக்கப் போனார்.

ஊருக்கு ஆளுக்கொரு நியாயம் இருந்தது. செத்தபிறகு பிள்ளைகள் கல் வைக்க மாட்டார்கள் என்ற பயம் என்றார்கள் சிலர். அடுத்த தேர்தலுக்கு அனுதாப வாக்கு என்றார் தேநீர்க்கடைக்காரர். அருளம்பலம் தேர்தலில் நிற்கவில்லை. கல் வெட்டியவனின் பிழை என்பதே பலருக்கு வசதியாக இருந்தது. வசந்தினியும் அதையே நம்ப விரும்பினாள். தான் பழைய வாசகத்தில் பிழை விட்டதுபோல் அவனும் விட்டிருக்கலாம் அல்லவா?

அடுத்த கிழமை ரவுணுக்குப் போய்க் கோபிசங்கரைப் பிடித்தாள்.

“நான் மூண்டு தரம் போனிலை கேட்டனான் ரீச்சர். ‘எழுதியிருக்கிறதை வெட்டடா’ எண்டிட்டு வைச்சிட்டார்” என்று அவன் காகிதத்தை எடுத்துக் கொடுத்தான்.

ஐந்து வருடமாயிற்று. அருளம்பலம் எழுபதைத் தாண்டியும் தினமும் எட்டு மணிக்குக் கடை திறக்கிறார். இப்போதும் மிஞ்சிய ஆணியைப் பெட்டிக்குள்தான் போடுகிறார். நிலையம் செலவேற்றுக் கல்லை மாற்றித் தருவதாகத் தீர்மானம் கொண்டுவந்தபோது, தலைவர் என்ற முறையில் அதை அவரே தள்ளுபடி செய்தார். காரணம் கேட்டவர்களிடம் அடுத்த விடயத்துக்குப் போவோம் என்றார். குணலட்சுமியும் அந்த வழியால் போகிறவள்தான். அவரைக் கண்டால் நின்று இரண்டு சொல் கதைப்பாள். கல்லைப் பற்றிக் கதைத்ததை எவரும் கேட்கவில்லை.

வசந்தினி அவரை இன்றுவரை நல்லவர் என்று சொல்லத் துணியவில்லை, வீம்புக்காரர் என்று சொல்லவும் முடியவில்லை. அந்தக் காகிதம் அவளுடைய மேசை லாச்சிக்குள் இருக்கிறது. அவள் எழுதிக்கொடுத்த வாசகத்தில் குறை ஒன்றும் இல்லை. அப்படியே வெட்டியிருந்தாலும் அந்தத் தாய் படலையைத் திறந்திருப்பாள். ஆனால் கீழ்வரியில் ‘சமூகசேவகர்’ என்ற சொல் சிவப்புப் பென்சிலால் அடிக்கப்பட்டு, அதன் மேலே, அவசரமில்லாத கையெழுத்தில், மற்றச் சொல் எழுதப்பட்டிருக்கிறது.