கரண்ட் போகாத லேப்

1. போன்

செங்கல்பட்டு ஸ்டேஷனில் பீச் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஐந்தே முக்கால். கோவளத்திலிருந்து ஜாஃபர் பாய்.

“மேடம், உங்க ப்ளக்கு நல்லாத்தான் கீது. மீனுங்கதான் பூட்ச்சு.”

எத்தனை என்று கேட்டேன். பெரிய தொட்டியில் பதினேழுக்குப் பதினாலு என்றார். குரலில் கோபம் இல்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். நாளைக் காலையில் வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். வண்டி வந்தது, ஏறினேன். நான் இறங்க வேண்டிய ஊரப்பாக்கம் தாண்டி வண்டலூரில் போய்த்தான் இறங்கவில்லையே என்று உறைத்தது.

2. நான் பார்த்த வேலை

இருபத்தாறு வருடம் செங்கல்பட்டில் ஒரு எலக்ட்ரிகல் டெஸ்டிங் லேபில் இருந்துவிட்டு, போன வருடம் ரிட்டயர் ஆனேன். ஸ்விட்ச், மிக்ஸி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்று கம்பெனிகள் விற்பதற்கு முன் எங்களிடம் கொண்டுவருவார்கள். நாங்கள் அவற்றை நனைப்போம், சுடவைப்போம், கீழே போடுவோம். தாங்கினால் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவோம். அதாவது ஒன்றும் தெரியாத ஒரு பொருளைப் படாத பாடு படுத்துவதற்குச் சம்பளம். அந்தக் கலையில் எனக்கு நல்ல பெயர் உண்டு. “கோமதி மேடம் கையில பாஸ் ஆயிட்டா பொண்ணே குடுக்கலாம்” என்று கேண்டீனில் கிண்டல் செய்வார்கள்.

ரிட்டயர் ஆவதற்கு முந்தின வருடம் லேபுக்கு வந்தது அவுட்டோர் ஸ்மார்ட் ப்ளக். சுவரில் இருக்கும் சாக்கெட்டில் இதை மாட்டி, இதில் மோட்டாரையோ விளக்கையோ மாட்டினால், எங்கிருந்தாலும் போனிலிருந்து ஆன், ஆஃப் செய்யலாம். ஓடுகிறதா என்றும் போனில் பார்க்கலாம். வெளியிலேயே கிடக்கலாம், மழை வெயில் ஒன்றும் செய்யாது என்று டப்பாவில் எழுதியிருந்தது. எழுதியதை நம்பாமல் இருப்பதுதான் என் வேலை.

மூன்று வாரம் வைத்துச் செய்தோம். ஹோஸ் பைப்பில் எட்டுத் திக்கிலிருந்தும் தண்ணீர் அடித்தோம். உப்புப் புகை நிரப்பிய பெட்டிக்குள் நாள் கணக்கில் அடைத்துவைத்தோம். ஓவனில் வைத்து, எடுத்த கையோடு குளிர்பெட்டியில் போட்டோம். ஹீட்டர் காயிலை லோடாக மாட்டி, கவுன்டர் வைத்து, உள்ளே ஆன், ஆஃப் செய்யும் ரிலே ஆயிரக்கணக்கான தடவை டக் டக் என்று அடிக்க விட்டோம். மூடியைத் திறந்து பார்த்தால் தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் கேஸ்கெட் புதுசு மாதிரி இருந்தது. எனக்கே அதன்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

ரிப்போர்ட் ஃபார்மில் ‘சப்ளை இன்டரப்ஷன்’ என்று ஒரு கட்டம் உண்டு. கரண்ட் போய் வந்தால் பொருள் எப்படி நடந்துகொள்கிறது என்று அதில் எழுத வேண்டும். எங்கள் டெஸ்ட் பெஞ்ச் முழுக்க யூபிஎஸ்ஸில் ஓடும். அதற்குப் பின்னால் ஜெனரேட்டர். ஓடிக்கொண்டிருக்கும் டெஸ்ட் நடுவில் நிற்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அதனால் அந்தக் கட்டத்தில் ‘பொருந்தாது’ என்று எழுதுவது எங்கள் வழக்கம். எனக்கு முன்னால் இருந்தவர் அப்படித்தான் எழுதினார். நானும் எழுதினேன், கையெழுத்துப் போட்டேன்.

3. கோவளம்

லேபில் பாஸான பிறகு, இது நிஜமாகவே உபயோகப்படுகிறதா என்று ஒரு வீட்டில் மாட்டிப் பார்த்துச் சொல்லும்படி கம்பெனி கேட்டது. கடற்கரை ஓரமாக இருந்தால் நல்லது என்றார்கள். எனக்கு உடனே ஞாபகம் வந்தவர் ஜாஃபர் பாய். எங்கள் ரிசப்ஷனில் இருக்கும் மீன் தொட்டியை மாதம் ஒரு தடவை வந்து கழுவிக் கொடுப்பவர். கோவளத்தில் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு, கோய் என்கிற வண்ண மீன் வளர்த்துக் குஞ்சு விற்கிறார். மாமல்லபுரம் பக்கத்து ரிசார்ட் குளங்களுக்கெல்லாம் அவர் மீன்தான்.

பெரிய தொட்டியில் இருந்தவை விற்கிற மீன்கள் இல்லை, தாய் மீன்கள். எட்டு வருடமாக ஒவ்வொரு ஈற்றுக் குஞ்சிலும் நிறம் பார்த்து, உடம்பு பார்த்து ஒதுக்கி வைத்தவை. அந்தத் தொட்டிக்கு இரவு பகலாக, தண்ணீருக்குள் காற்றைக் குமிழாக விடும் ஏர் பம்ப் ஓட வேண்டும். நின்றால் மீனுக்கு மூச்சு இல்லை.

ப்ளக்கைப் பற்றிச் சொன்னதும் அவருக்குச் சந்தோஷம். “இந்தக் காத்து மூணு மாசத்துக்கு ஒரு ஸ்விட்ச்ச துண்ணுது மேடம். டெலிவரிக்குப் போனா, பம்பு ஓடுதா இல்லியான்னு இதே ரோதனை. போன்லயே பாத்துக்கலாம்னா நல்லதுதானே. மழ வந்தா தாங்குமா?”

“நாங்க தண்ணில நனைச்சு எடுத்தது பாய். கண்ண மூடிக்கினு மாட்டுங்க” என்றேன். அவருடைய பேச்சு எனக்கும் ஒட்டிக்கொண்டது. செவ்வாய்க்கிழமை நானே போய் மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

4. ஃபேன் சுற்றியது

சனிக்கிழமை காலை வண்டலூர் போய், கேளம்பாக்கம் பஸ் பிடித்து, அங்கிருந்து கோவளம் போய்ச் சேர்ந்தேன். ஷெட்டில் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய தொட்டியில் மூன்று மீன்கள் அடியில் அசையாமல் நின்றன. செத்தவற்றைத் தென்னை மரத்தடியில் புதைத்திருந்தார்கள். மண் இன்னும் ஈரமாக இருந்தது.

முதலில் நான் பார்த்தது ப்ளக்கைத்தான். பழக்க தோஷம். மூடியைத் திறந்தேன். உள்ளே சொட்டு ஈரம் இல்லை, உப்பு இல்லை, பின்னில் கறுப்பு இல்லை. நான் வைத்த பரீட்சை ஒன்றிலும் அது தோற்கவில்லை.

நடந்ததை பாயின் மனைவி ஷமீமா சொன்னார். பாய் ஜும்மா தொழுகைக்குப் போனபோது போனில் பார்த்திருக்கிறார், ஆன் என்று காட்டியது. போனைச் சைலன்ட்டில் போட்டார். தொழுகை முடிந்து, போனை மறுபடி பார்க்காமல் நேராக மாமல்லபுரத்துக்கு மீன் கொண்டுபோனார். அதற்கு நடுவில் வீட்டில் கரண்ட் போயிருக்கிறது.

“கரண்ட் போனா நான் குவளையால தண்ணிய மொண்டு மொண்டு உசரத்துலேர்ந்து ஊத்துவேன் மேடம். காத்து கலக்கும். எப்பவும் செய்யறதுதான். இருவது நிமிஷம் ஊத்தினேன். வூட்டுக்குள்ள ஃபேன் சுத்துற சத்தம் கேட்டுச்சு. ஃபேன் சுத்துனா பம்பும் ஓடும்ல? எத்தினி வருசமா அப்டித்தானே? குவளைய வெச்சிட்டு உலை வெக்கப் பூட்டேன். ஒரு எட்டு திரும்பிப் பாத்திருக்கலாம். என் தப்பு மேடம்.”

நான் எழுந்து போய் மெயின் போர்டை அணைத்து, பத்து எண்ணிவிட்டுத் திரும்பப் போட்டேன். வீட்டுக்குள் ஃபேன் சுற்றியது, ஃபிரிட்ஜ் உறுமியது. ஷெட்டில் பம்ப் ஓடவில்லை. ப்ளக்கின் பொத்தானை விரலால் அமுக்கினேன், ஓடியது. கரண்ட் போய் வந்தால் இது தானாக ஆஃபிலேயே நிற்கும். யாராவது அமுக்கினால்தான் உண்டு. முந்தின நாள் சாயங்காலம் பாய் வந்து அமுக்கும்வரை மூன்று மணி நேரத்துக்கு மேல் யாரும் அமுக்கவில்லை. சித்திரை வெயில் வேறு.

“இல்ல ஷமீமா. தப்பு உங்களுது இல்ல. கரண்ட் போய் வந்தா என்ன ஆகும்னு பாக்கறதுக்கு எங்க ஃபார்ம்ல ஒரு கட்டமே இருக்கு. நான் அதைப் பாக்காம ‘பொருந்தாது’ன்னு எழுதிட்டேன்.”

பாய் நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டார்.

“இன்னா மேடம், உங்க ஆபீஸ்ல கரண்டே போவாதா?”

“போகும் பாய். போனது எங்களுக்குத் தெரியாது.”

சொன்ன பிறகு எனக்கு வெட்கமாக இருந்தது. இருபத்தாறு வருடத்தில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

5. ஸ்கோப்

திங்கட்கிழமை எங்கள் மேனேஜர் ராகவன் சாரிடம் போய், நடந்ததைச் சொல்லி, ரிப்போர்ட்டைத் திரும்பக் கேட்க வேண்டும் என்றேன். கையெழுத்துப் போட்டு அனுப்பிய ரிப்போர்ட்டைத் திரும்பக் கேட்பது எங்கள் தொழிலில் பெரிய தலைகுனிவு. நான் அதுவரை கேட்டதில்லை.

“நம்மகிட்ட கேட்டது மழை, உப்பு, சூடு. மீன் நம்ம ஸ்கோப்லயே இல்ல கோமதி” என்றார் அவர்.

“மீனை விடுங்க சார். கரண்ட் கட் நம்ம ஃபார்ம்ல இருக்கு.”

“இத்தன வருஷமா எழுதற மாதிரிதான எழுதின?”

“அதான் சார் பயமா இருக்கு. இத்தன வருஷமா எத்தன எழுதியிருப்பேன்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கத் தேவையே இல்லாத கண்ணாடி. பிறகு கம்பெனிக்கு அவரே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

அங்கே பேசியவர் புத்திசாலி. “அது ஃபால்ட் இல்ல மேடம், சேஃப்டிக்குன்னே அப்படி வெச்சிருக்கோம். மரம் அறுக்கிற மெஷின் மாட்டியிருக்காங்கன்னு வைங்க. கரண்ட் வந்ததும் அதுபாட்டுக்குச் சுத்தினா ஒருத்தன் கை போயிடும்.”

அவர் சொன்னது சரி, நூற்றுக்கு நூறு சரி. ஷமீமா குவளையைக் கீழே வைத்ததும் சரிதான். அந்த இரண்டு சரிக்கும் நடுவில்தான் பதினாலு மீன் செத்தது.

“அப்ப அதை டப்பா மேல கொட்டை எழுத்துல போடுங்க. பம்ப் மாட்டறவங்க மாத்திக்கிற மாதிரி ஆப்ல ஒரு ஆப்ஷனும் குடுங்க. அதுவரைக்கும் என் கையெழுத்து இல்ல” என்றேன்.

ரிப்போர்ட் திரும்பி வந்தது. அந்தக் கம்பெனி அடுத்த பொருளை வேறு லேபுக்குக் கொண்டுபோய்விட்டது. ராகவன் சார் ஒரு மாதம் என்னிடம் வேலை விஷயம் தவிர எதுவும் பேசவில்லை. ஆனால் பெஞ்சுகளில் ஒன்றை யூபிஎஸ்ஸிலிருந்து கழற்றச் சொல்லி ஆர்டர் போட்டதும் அவர்தான்.

6. டேபிள் ஃபேன்

ஆப்ஷனோடு புது ப்ளக் வர இரண்டு மாதம் ஆனது. லேபில் நூறு தடவை கரண்டை நிறுத்தி, திரும்பக் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கோவளத்துக்கு எடுத்துப் போனேன். வேண்டாம் என்று பாய் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு பழைய டேபிள் ஃபேனை எடுத்து வந்து ஷெட்டில் வைத்து அதில் மாட்டினார்.

“நூறு தபா பாத்துட்டேன் பாய்” என்றேன்.

“உங்க ஆபீஸ்லதானே மேடம் பாத்தீங்க?” என்றார்.

அவர் மெயின் போர்டுக்குப் போய் அணைத்தார், போட்டார். பின்னாலிருந்து ஷமீமா “சுத்துது!” என்று கத்தினார். மறுபடி அணைத்தார், போட்டார். “சுத்துது!” பத்து தடவை. அதற்குப் பிறகும் பம்பை அதில் மாட்டவில்லை. ஒரு வாரம் ஃபேனிலேயே கிடக்கட்டும் என்றார். அவரை வேலைக்கு எடுத்திருந்தால் எங்கள் லேப் உருப்பட்டிருக்கும்.

புதிதாக லேபுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். ‘பொருந்தாது’ என்று எழுதுவதற்கு முன்னால், யாருக்குப் பொருந்தாது என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

ரிட்டயர் ஆன பிறகு ஒருநாள் திருப்போரூர் கோவிலுக்குப் போய்விட்டு, அப்படியே கோவளத்துக்கும் போனேன். மிச்சமிருந்த மூன்றில் ஒன்று முட்டை வைத்து, தொட்டியில் குஞ்சுகள் இருந்தன. பேசிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. ஷமீமா எழுந்து குவளையை எடுத்து, மொண்டு ஊற்ற ஆரம்பித்தார். கால் மணி நேரத்தில் கரண்ட் வந்தது. வீட்டுக்குள் ஃபேன் சுற்றும் சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. ஷமீமா நிறுத்தவில்லை. ஊற்றிக்கொண்டே குனிந்து, தொட்டியின் அடியிலிருந்து குமிழ் கிளம்பி வருவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் குவளையைக் கீழே வைத்தார்.