பச்சையில் நின்ற முள்

கம்பெனியைக் கெடுத்தது யார் என்று கேட்டால் போதும், மனிதர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். முப்பத்தொரு வருஷம் தேசிய விமான நிறுவனத்தின் பழுதுபார்க்கும் கொட்டகையில் மெக்கானிக்காக இருந்தவர். சலூன்காரர் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டியிருக்கும். மேலே உட்கார்ந்தவர்கள் தின்றே தீர்த்தார்கள், அவ்வளவுதான் கதை. தன் பங்கு என்று ஒரு துளி கிடையாது!

அன்று காலை அந்த வாய் அடைத்துப் போயிருந்தது. மகள் புது வேலைக்குக் கிளம்புகிறாள். மறுநாள் ஒன்பது மணிக்குச் சேர்ந்தாக வேண்டும், தவறினால் வேறு ஆளை எடுத்துக்கொள்வார்கள். பதினோரு மணிக்கு அப்பாவின் கம்பெனி விமானம்தான்.

"ஏன் குட்டி போட்ட பூனை மாதிரி சுத்திக்கிட்டே இருக்கீங்க? பெட்டியையாவது தூக்கி வைங்க" என்றாள் மனைவி.

எட்டு மணிக்குப் பழைய கூட்டாளி போனில் சொன்ன செய்திதான் காரணம். அவர் இன்னும் கொட்டகையில் இருக்கிறார். "அண்ணே, நம்ம வள்ளல் மறுபடி பறக்குது. இன்னைக்குப் பதினோரு மணி டிரிப்."

வள்ளல் என்பது கொட்டகை மூலையில் ஆறு வருஷம் நின்ற விமானம். உதிரிபாகம் வாங்க வக்கில்லாத காலத்தில், பறக்க வேண்டிய விமானத்துக்கு எது இல்லையோ அதை வள்ளலிலிருந்து கழற்றுவார்கள். கழற்றிய இடத்தில் சிவப்புச் சீட்டைத் தொங்கவிட வேண்டும், அது ஒன்றுதான் சட்டம். இப்போது சீட்டு தொங்கிய இடங்களில் புதுசு போட்டிருப்பார்கள். சீட்டு இல்லாத இடத்தை யார் பார்ப்பார்கள்?

வேலையில் இருந்தபோது ஓர் இடத்தில் இவரே தொங்கவிடவில்லை. பின்கதவுக்குள் ஒரு காற்றுக்குப்பி உண்டு. ஆபத்தில் பயணிகள் சறுக்கி இறங்கும் பையை ஊதி விரிப்பது அதுதான். நல்ல குப்பியைக் கழற்றிக்கொண்டு, பழுதானதை அங்கே வைத்தார். காற்றே இல்லாவிட்டாலும் அதன் அளவுமானி முள், நிறைந்திருக்கிறது என்று காட்டும் பச்சையில் சிக்கி நிற்கும், அதுதான் பழுது. சீட்டைக் கட்டப் போகும்போது மேலதிகாரி வந்தார்.

"நாளைக்குப் பார்வையிட வர்றாங்க. இன்னொரு சிவப்பு கண்ணுல படக்கூடாது."

சரி சார் என்று சீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவர்கள் போன பிறகு கட்டலாம் என்றுதான் நினைத்தார். கட்டவில்லை.

விமான நிலையக் கண்ணாடிக்கு அப்பால் வள்ளல் புதுப் பெயிண்டில் நின்றது. மகள் வரிசையில் நின்று கையசைத்தாள். இவளை மட்டும் கூப்பிட்டுக்கொண்டு போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அந்த நினைப்பே அவருக்கு அருவருப்பாக இருந்தது. கூட்டாளிக்குப் போன் போட்டார்.

"பின்கதவுக் குப்பியை மாத்தினீங்களா?"

"எதுக்குண்ணே? முள்ளு பச்சையிலதான் நிக்குது."

ஒன்றுவிடாமல் சொன்னார்.

"இதை எழுதிக் கொடுத்தா உங்க பேரும் வரும்ணே."

"வரட்டும். நீ முதல்ல நிறுத்து."

பன்னிரண்டு மணிக்கு விமானம் ரத்து என்று பலகையில் வந்தது. வேறு விமானம் மறுநாள் சாயங்காலம்தான். மகள் பெட்டியை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தாள், கண் சிவந்திருந்தது.

"போன் பண்ணிக் கேட்டுட்டேன். முடியாதுன்னுட்டாங்க, வேலை போச்சுப்பா. மேல உட்கார்ந்திருக்கவங்கதான் கெடுத்தாங்கன்னு நீங்க சொல்றது சரிதான்."

வழக்கமாக இங்கேதான் அவர் நாற்காலியை இழுத்துப் போடுவார். இன்று அவள் கையிலிருந்த பெட்டியை வாங்கிக் கீழே வைத்தார்.

"அவங்க இல்லம்மா. இன்னைக்கு நான்தான்."