அண்ணன் தலைமாட்டு வேம்பு

அண்ணனை எங்கள் கரும்புக் கொல்லை மூலையில்தான் புதைத்தோம். தலைமாட்டில் அண்ணி ஒரு வேப்பங்கன்று நட்டார். பட்டுப்போனது. வடக்கனந்தல் நர்சரியிலிருந்து இன்னொன்று வாங்கி வந்து நட்டார். அதுவும் பட்டது. வேம்பு என்ன வெற்றிலைக் கொடியா? வரப்பில் கேட்பாரில்லாமல் முளைக்கிற மரம்! அது அங்கே மட்டும் பிடிக்கவில்லை என்றால் ஊர் சும்மா இருக்குமா? ஆசை தீராமல் கிடக்கிறான் என்றார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. பயமாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

என்ன ஆசை என்று எனக்கும் அண்ணிக்கும் தெரியும். வயிற்றில் ஆபரேஷன் ஆகிக் கிடந்தபோது அண்ணன் விடிய விடியத் தண்ணீர் கேட்டார். ஒரு சொட்டுக்கூடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அண்ணி ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். விடிந்ததும் அண்ணன் போய்விட்டார்.

மூன்றாவது கன்றும் தலை தொங்கியபோது மண்வெட்டியோடு போனேன். தோண்டினால் சாக்கடை நாற்றம். எங்கள் நிலம் களிமண். ஊற்றிய தண்ணீர் இறங்காமல் குழிக்குள்ளேயே நின்றிருந்தது. வேர் கறுத்துப்போய், இழுத்தால் தோல் தனியாக உருவிக்கொண்டு வந்தது. மழைத்தண்ணீர் தேங்கினால் மரவள்ளிக் கிழங்கும் இப்படித்தான் அழுகும். வேருக்குக் காற்று வேண்டும். அது இல்லாவிட்டால் செடி தண்ணீரில் நின்றுகொண்டே தாகத்தில் வாடும். அந்த வாட்டத்தைப் பார்த்துப் பார்த்து அண்ணி குடம் குடமாக ஊற்றியிருக்கிறார்.

அன்றும் குடத்தோடு வந்தார். "மூச்சு முட்டி செத்துக்கினு இருக்குது அண்ணி! ஊத்தாதீங்க!" என்று கத்திவிட்டேன்.

அண்ணி குடத்தை இறக்கவில்லை. "குடுக்காம அவரு போயிட்டாரு. குடுத்து இது போவுதா? நான் இன்னாதான் பண்ணட்டும், சொல்லு பாப்பா."



கல்வராயன் மலை அடிவாரத்திலிருந்து செம்மண் கொண்டுவந்து, மணலும் மக்கிய எருவும் கலந்து, மேடு கட்டி நானே புதுக் கன்று நட்டேன். "நீயே பாத்துக்கோ. நான் வந்தா ஊத்திடுவேன்" என்றுவிட்டார் அண்ணி. அந்தப் பக்கமே அவர் வருவதில்லை. கன்று பிடித்துக்கொண்டது.

போன சித்திரையில் ஒருநாள், உச்சி வெயிலில் இலையெல்லாம் தொங்கிக் கிடந்தது. சாயங்காலம் தானாக நிமிர்ந்துவிடும் என்று எனக்குத் தெரியும். மண்ணுக்குள் விரலை விட்டும் பார்த்தேன். நல்ல ஈரம். ஆனாலும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. ஒரு சொம்பு, ஒரே ஒரு சொம்பு விட்டால் என்ன ஆகிவிடும்? மோட்டார் கொட்டகைக்கு ஓடினேன்.