தொப்புளில் எடுத்த மருந்து

இடுமருந்து என்ற சொல்லைக் கேட்டாலே இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது.

சுதந்திரம் வந்த புதிது. அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ராயபுரம் கடலில் வலை இழுத்து உரமேறிய உடம்பு, மாதக்கணக்கில் தின்றதையெல்லாம் எதுக்களித்துக்கொண்டிருந்தது. புளித்த ஏப்பம், நெஞ்சு வரை எரிச்சல், தார் போல் கறுத்த மலம். என் வாய் நாற்றம் எனக்கே சகிக்கவில்லை.

தெருமுனை டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "இது என் கையில இல்லப்பா. பெரிய ஆஸ்பத்திரியில வயித்துக்குன்னே ஒரு டாக்டர் இருக்கார், உடனே போய்க் காட்டு. தள்ளிப் போட்டா உசுருக்கு ஆபத்து" என்றார்.

அம்மா ஒப்பவில்லை. "அங்க போனா வவுத்தக் கீசிடுவாங்கோ நைனா. எவளோ உன்ன மயக்கறதுக்கு சோத்துல மருந்து வெச்சிட்டா. அத எடுத்தா சரியாப் பூடும்."

கத்தி என்றால் எனக்கும் நடுக்கம்தான். அம்மா பின்னால் போனேன்.

திருவொற்றியூரில் மருந்து எடுக்கிறவள் என்னை ஈரத் தரையில் படுக்க வைத்தாள். அவள் வாயெல்லாம் புகையிலைச் சாறு. ஒரு பித்தளைக் குழாயை என் தொப்புளில் வைத்து மறுமுனையை உறிஞ்சினாள். அதை எத்தனை பேர் தொப்புளில் வைத்தாளோ, கழுவிய அடையாளமே இல்லை. எச்சில் என் விலாவில் வழிந்தது. சீ! பிறகு ஓங்கரித்து எதையோ தட்டில் துப்பினாள். முடி சுற்றிய சிவந்த கட்டி. அழுகல் வாடை.

"பாத்தியாம்மா? இதான் உள்ள ஒட்டிக்கினு இருந்துச்சி."

கும்பிட்டபடி அம்மா குனிந்தாள். மீன் கூடை சுமந்தே எங்களை வளர்த்தவள். விரலால் முடியை விலக்கினாள். சீப்புப் பல் மாதிரி வரிசை தெரிந்தது. முகர்ந்தாள். முகம் கோணிப்போயிற்று.

"தூ! சங்கரா மீன் செவுளு! மீன்காரியாண்டயே காட்டுறியா? இந்தக் கலீஜ வாயில அடக்கிக்கினு இருந்தியாடி?"

கொல்லன் தெருவிலேயே ஊசி விற்கப் பார்த்தாள் அந்தப் பாவி. அம்மா தட்டைத் தள்ளிவிட்டு என்னை வெளியே இழுத்து வந்தாள். தினம் மீன் குடலில் புரளும் கை அது. அன்றைக்கு அதையே புடவையில் துடைத்துத் துடைத்து, வழியெல்லாம் துப்பிக்கொண்டே நடந்தாள். எங்கள் சந்து வந்தது. அவள் அதற்குள் திரும்பவில்லை.

"எங்கம்மா போற?"

"பெரிய ஆஸ்பத்திரிக்கு. அந்த டாக்டரு கீசினாலும், உன் வவுத்துல இருக்கறதத்தான எடுப்பாரு."