அப்பா போய்ச் சேரும்வரை

எங்கள் வீட்டில் யாராவது பயணம் கிளம்பினால், அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று தகவல் வரும்வரை வீட்டைக் கூட்டக் கூடாது. மலேசியாவில் இருந்தவரை இதை நான் பெரிதாக நினைத்ததில்லை. நாங்கள் இருந்த லூமுட்டிலிருந்து விடியலில் ஈப்போவுக்குக் கிளம்பியவர் காலைப் பசியாறும் நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடுவார். கோலாலம்பூர் என்றால் மத்தியானம் ஆகும். போன் வந்ததும் அம்மா விளக்குமாற்றை எடுப்பாள். அதற்குள் வீடு ஒன்றும் குப்பைமேடாகிவிடாது. சிங்கப்பூர் வரைக்கும் இந்தச் சட்டம் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இதைப் போட்டவர்கள் கப்பலைக் கணக்கில் வைத்துப் போடவில்லை என்பது ஆக்லாந்துக்கு வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அப்பா மலேசியக் கடற்படையில் இன்ஜின் பழுது பார்க்கிறவர். கடற்படையில் இருந்துகொண்டே கால் நனையாதவர் என்று மாமாக்கள் அவரைக் கேலி செய்வார்கள். லூமுட்டில் அவருக்குக் கரையிலேயே பட்டறை. காலையில் போவார், சாயங்காலம் எண்ணெய் வாசத்தோடு வந்துவிடுவார். அதே வேலைக்கு நியூசிலாந்துக் கடற்படையில் ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, எழுதிப்போட்டார், கிடைத்துவிட்டது. அப்போது எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு மூன்று. ஆக்லாந்தின் டெவன்போர்ட் பகுதியில் கடற்படைக் குடும்பங்கள் இருக்கும் தெருவில் எங்களுக்குக் கட்டில், சோபாவோடு ஒரு மரவீடு கொடுத்தார்கள். சமையலறையையும் குளியலறையையும் தவிர மூலைமுடுக்கெல்லாம் கருநீலக் கம்பளம். அம்மா உள்ளே நுழைந்ததும் அதைக் காலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "இத எப்படிங்க கழுவுறது?" என்றுதான் முதலில் கேட்டாள்.

எங்கள் சாமான்கள் சரக்குக் கப்பலில் மெதுவாக வந்துகொண்டிருந்தன. அவை வந்து சேர்வதற்குள் அப்பாவைக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். கொரியாவில் பூசான் என்ற துறைமுகத்துக்குப் போக வேண்டும், அங்கே மற்ற நாட்டுக் கப்பல்களோடு சேர்ந்து பயிற்சி, திரும்பி வரச் சில மாதங்களாகும் என்றார்கள். கரையிலேயே வேலை என்று நம்பி வந்த அம்மாவுக்கு இது பெரிய அடி. ஆனால் வந்து ஒட்டிக்கொண்ட ஊரில் முதல் வேலையிலேயே முடியாது என்று சொல்ல முடியுமா?

வழியனுப்பத் துறைமுகத்துக்குப் போனோம். சுற்றிலும் கட்டிப்பிடித்து அழுகிறவர்களும் அட்டையில் பெயர் எழுதி ஆட்டுகிறவர்களுமாக ஒரே கூட்டம். எங்கள் வீட்டில் கிளம்பும்போது அழவும் கூடாது. அதனால் நாங்கள் மூவரும் பல்லைக் கடித்துக்கொண்டு, ஏதோ பக்கத்துக் கடைக்குப் போகிறவரைப் பார்ப்பதுபோல் அப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்பா, "போய்ட்டு வரேன்" என்றார். அம்மா தலையை ஆட்டினாள். எதிர்வீட்டு ஆன்ட்டிதான் எங்களைத் தன் காரில் திரும்பக் கூட்டிவந்தார். அவருடைய கணவர் அதே கப்பலில் சமையல்காரர். வெள்ளைக்காரப் பெண்மணி. தன்னைப் பெயர் சொல்லியே கூப்பிடலாம் என்று எத்தனை முறை சொல்லியும் எங்கள் வாயில் ஆன்ட்டி என்றுதான் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் மலேசியாவில் தெலுக் இந்தானிலிருந்து அத்தை போனில் வந்தாள். அப்பாவின் அக்கா. "தம்பி போய்ச் சேர்ற வரைக்கும் வீட்ட கூட்டிராதம்மா" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் தெருவில் ஒரு மனிதர் சிங்கப்பூருக்குப் பஸ் ஏறியதையும், அவர் மனைவி உடனே வாசலைக் கூட்டியதையும், மூவார் தாண்டும் முன்பே பஸ் கவிழ்ந்ததையும் சொன்னாள். அந்த மனிதருக்குக் கால் மட்டும்தான் உடைந்தது என்பதைக் கடைசியில் வேண்டாவெறுப்பாகச் சேர்த்துக்கொண்டாள். நான் போனை வாங்கி, ஏன் கூட்டக் கூடாது என்று கேட்டேன். சாவு வீட்டில்தான் ஆளை எடுத்துக்கொண்டு போனதும் கூட்டிக் கழுவுவார்கள், நாம் அப்படிச் செய்தால் போனவர் திரும்ப மாட்டார் என்று அத்தை விளக்கினாள். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் அதைச் சொல்லலாமா என்றெல்லாம் அவள் யோசிக்கிற ஆளில்லை. பஸ்ஸாவது தரையில் கவிழும். கப்பல் கவிழ்ந்தால் கால் உடைவதோடு போகாது.

அன்றிலிருந்து அப்பாவின் உயிர் என் பொறுப்பில் இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

கூட்டத்தான் கூடாதே தவிர, கையால் பொறுக்கலாம் என்று அம்மா ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முட்டிபோட்டு உட்கார்ந்து கம்பளத்தில் ஒட்டிய சோற்றுப் பருக்கைகளையும் பிஸ்கட் துகள்களையும் பொறுக்குவேன். தம்பி தின்கிற வேகத்துக்கு என் கை ஈடுகொடுக்கவில்லை. இனிமேல் அவன் பிஸ்கட்டைக் குளியலறைத் தொட்டிப் பக்கம் நின்று, குனிந்துதான் தின்ன வேண்டும் என்று சட்டம் போட்டேன். அவன் அழுதுகொண்டே குனிந்து தின்றான். பள்ளிக்கூடத்து மைதானத்தின் ஓரத்தில் நின்றால் கடல் தெரியும். காற்றடித்து அலைகள் வெள்ளையாக நுரைத்தால் அப்பாவின் கப்பல்தான் நினைவுக்கு வரும். காலையில் அம்மா தெரியாமல் கூட்டித் தொலைத்துவிட்டாளோ என்ற பயத்திலேயே வீட்டுக்கு ஓடிவருவேன். வீடு அழுக்காக இருப்பதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வரும்.

ஒருநாள் நான் வந்தபோது எதிர்வீட்டு ஆன்ட்டி எங்கள் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு வேக்கம் கிளீனர். நான் தினமும் தரையில் தவழ்ந்து பொறுக்குவதை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். சாமான்கள் இன்னும் வரவில்லை, வாங்க வழியில்லை, பாவம் என்று நினைத்துக்கொண்டார்போலும். அம்மா ஆங்கிலத்தில் வேண்டாம், வேண்டாம் என்கிறாள். அந்த ஊரில் வேண்டாம் என்பதற்குக் கூச்சப்படுகிறேன் என்று அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள்போல. ஆன்ட்டி சிரித்துக்கொண்டே பிளக்கைச் சுவரில் செருகி அங்கிருந்த சுவிட்சைத் தட்டிவிட்டார். அது பெரிய சத்தத்தோடு உறும ஆரம்பித்தது.

நான் புத்தகப் பையோடு பாய்ந்துபோய்ச் சுவிட்சை அணைத்து, அதன் மேல் முதுகை வைத்து நின்றுகொண்டேன். தம்பி தூங்குகிறான் என்று ஆங்கிலத்தில் கத்தினேன். தம்பி எங்கள் மூவருக்கும் நடுவில் நின்று பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். குனியக்கூட இல்லை.

ஆன்ட்டி அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மாவுக்கு வேறு வழியில்லை. கணவர் முதலில் போய்ச் சேரட்டும், அதற்கப்புறம் சுத்தம் செய்துகொள்கிறேன் என்றாள். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று ஆன்ட்டிக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் அவர் ஒயரைச் சுற்றி, மெஷினை நடையில் சுவரோரமாக நிறுத்தி, எப்போது வேண்டுமோ அப்போது எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அதன்மேல் தம்பி குதிரை ஏறினான். அவன் கை சுவர்ச் சுவிட்சுக்கு எட்டாது என்பதைத் தினமும் நிற்கவைத்துச் சரிபார்த்தேன்.

கப்பல் வழியில் ஏதோ ஒரு தீவில் எண்ணெய் நிரப்ப நின்றது. இன்ஜின் அறை ஆட்களுக்கு இறங்க நேரமில்லை, எல்லாரும் சுகம் என்று அப்பாவிடமிருந்து இரண்டு வரி வந்தது. நான் துள்ளிக் குதித்தேன். இப்போது கூட்டலாம்தானே என்று அம்மாவிடம் கேட்டேன். வீடு அதற்குள் வீடாகவே இல்லை.

"தாப்பாவுல பஸ் நின்னு தேத்தண்ணி குடிச்சா, ஊரு வந்துருச்சுன்னு அர்த்தமா?" என்றாள் அம்மா. "பூசானுக்குத்தானே கெளம்புனாரு? பூசான் போய்ச் சேரட்டும்லா."

நியாயமாகத்தான் பட்டது. அந்த வாரக் கடைசியில் மளிகைச் சாமான் வாங்க நகரின் மறுபக்கத்தில் இருந்த நியூ லினுக்குப் போனோம். அங்கே கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்து அக்காவிடம் அம்மா பேச்சோடு பேச்சாக இதைக் கேட்டாள்.

"ஓம், நாங்களும் ஆராவது பயணம் வெளிக்கிட்டா கூட்டமாட்டம்" என்றார் அந்த அக்கா. "ஆனா இப்ப ப்ளேன் ஏறிட்டினம் எண்டாலே கூட்டிப்போடுவம். இல்லாட்டி வீடு என்னத்துக்கு ஆகும்?"

எனக்கு அந்த அக்காவை மிகவும் பிடித்துவிட்டது. ஆனால் அம்மா ரயிலில் திரும்பும்போது, அவர்கள் வழக்கம் வேறு, நம் வழக்கம் வேறு என்று முடித்துவிட்டாள். அத்தையைவிடக் கெட்டியாக இருக்கிறாளே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. லூமுட்டில் இருந்தவரை, அத்தை சொல்கிற சாங்கியங்களைக் கேட்டுவிட்டுப் போனை வைத்ததும் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து சிரிப்பதை நான் பார்த்திருக்கிறேன். இப்போது சிரிக்க அப்பா இல்லாததால் அம்மா நம்ப ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவே நம்புகிறாள் என்றால் ஆபத்து உண்மையாகத்தான் இருக்க வேண்டும். என் பயம் இரண்டு மடங்காகியது.

ஒருவழியாக ஒரு சனிக்கிழமை மத்தியானம் எதிர்வீட்டு ஆன்ட்டி செருப்புக்கூடப் போடாமல் ரோட்டைத் தாண்டி ஓடிவந்தார். கையில் போன். கப்பலைப் பூசான் கரையில் கட்டியாகிவிட்டது, எல்லாரும் பத்திரம் என்று குடும்பங்களுக்குச் செய்தி வந்திருந்தது. அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார், சிரித்தார், என் தலையைக் கலைத்துவிட்டுப் போனார். எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. நடைக்குப் போய் மெஷினை நானே தள்ளிக்கொண்டு வந்தேன்.

அம்மா சோபாவில் உட்கார்ந்திருந்தாள். "நாளைக்குப் பாத்துக்கலாம் பாப்பா" என்றாள்.

"அதான் போய்ச் சேந்துட்டாங்களே மா!"

அம்மா மெதுவாக எழுந்து மெஷினைப் போட்டாள். கூடம், நடை, எங்கள் அறை என்று ஒவ்வொன்றாக உறிஞ்சிக்கொண்டு போனாள். கம்பளம் மறுபடி கருநீலமாகிக்கொண்டே வந்தது. நான் பின்னாலேயே போனேன். அம்மா மூக்கை உறிஞ்சுவதைக் கேட்டுத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். கடைசியில் அப்பா அம்மாவின் படுக்கையறை. கதவிலிருந்து கட்டில் கால்வரை வந்தாள். மெஷினை அணைத்தாள். ஒயரைச் சுற்ற ஆரம்பித்துவிட்டாள்.

நான் எட்டிப் பார்த்தேன். கட்டிலுக்கு அந்தப் பக்கம், அப்பா படுக்கிற பக்கம், தரையெல்லாம் பவுடர். அப்பாவுக்குக் குளித்ததும் கழுத்திலும் மார்பிலும் பவுடரைக் கொட்டிக்கொள்ளும் பழக்கம். கிளம்பின அன்று அவசரத்தில் கொஞ்சம் அதிகமாகவே கொட்டியிருக்கிறார். கருநீலத்தில் வெள்ளையாகப் படிந்த அந்தப் பவுடருக்கு நடுவில், அவர் நின்ற இடம் மட்டும் இரண்டு பாத வடிவத்தில் சுத்தமாக இருந்தது. விரல்கள்கூடத் தெரிந்தன. குளிர் உள்ளே வராமல் இருக்கத்தான் அந்த அறைக் கதவை அம்மா சாத்தியே வைத்திருக்கிறாள் என்று அதுவரை எண்ணியிருந்தேன்.

"அம்மா, அங்க விட்டுட்டீங்க."

"அங்க சுத்தமாத்தான் இருக்கு."

"இல்லம்மா, பவுடரு..."

"சுத்தமா இருக்குன்னு சொல்றேன்ல." கதவைச் சாத்திவிட்டாள்.

இவ்வளவு பெரிய வெள்ளை எப்படிக் கண்ணில் படாமல் போகும்? இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும். அப்பா உண்மையில் போய்ச் சேரவில்லை, அம்மாவுக்கு அது தெரியும், என்னிடம் மறைக்கிறாள். இல்லையென்றால் அம்மாவுக்குக் கண் கெட்டுவிட்டது. முதலாவதை நினைக்கவே முடியவில்லை. இரண்டாவதாக இருக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டேன்.

சாயங்காலம் அப்பா போனில் வந்தார். அவரேதான், அவருடைய கரகரத்த குரல்தான். கப்பலில் சோறு சுமார், பூசானில் ஊரெல்லாம் மலை, மீன் வாசம் லூமுட்டை ஞாபகப்படுத்துகிறது என்று என்னென்னவோ சொன்னார். ஆக, போய்ச் சேர்ந்தது உண்மை. அப்படியென்றால் அம்மாவின் கண்தான். என் வேண்டுதல் பலித்துவிட்டது. அம்மா தம்பிக்குச் சோறு ஊட்டப் போன சமயம் பார்த்து, போனை வாயோடு ஒட்டவைத்து மெதுவாகச் சொன்னேன்.

"அப்பா, அம்மாவுக்குக் கண்ணு சரியாவே தெரியல. கண்ணாடி போடணும். வீடு பூரா சுத்தம் பண்ணிட்டு உங்க பவுடர அப்படியே விட்டுட்டாங்க. நீங்க நின்ன காலு ரெண்டும் அப்படியே இருக்கு. நான் காட்டுனாகூடத் தெரியலங்கிறாங்க."

மறுமுனையில் சத்தமே இல்லை. கொரியாவிலிருந்து பேசினால் இப்படித்தான் லைன் நடுவில் போய்விடும்போல என்று நினைத்து, போனை உதறி உதறிக் காதில் வைத்து, "அப்பா, கேக்குதா? அப்பா, கேக்குதா?" என்று நான் கத்திக்கொண்டே இருந்தேன்.