முத் அம்மனின் முகம்

எங்கள் கல்தச்சர் தெருவில் ஹூயியைப் போல் தெய்வ முகம் செதுக்க ஆளில்லை. அவன் மகள் காய்ச்சலில் இறந்தபோது, கல்லறைக்கென்று ஒரு கல் செதுக்கினான். அதில் தாய்த் தெய்வமான முத் அம்மன் கழுகுக் கிரீடத்தோடு மகளின் கையைப் பிடித்து நிற்பாள். அம்மனுக்கு அவன் வைத்தது, பிரசவத்தில் போன தன் மனைவி தக்காத்தின் முகம்.

பிறகு, சூரியனைத் தவிர வேறு தெய்வம் கூடாது என்று அரச கட்டளை வந்தது. கோயில் சுவர்களில் அம்மன் முகங்களை ஹூயியே கொத்தி எடுத்தான். ஒருநாள் மேலதிகாரி கல்லறைக்கும் வந்துவிட்டார்.

"இது யாரு?"

"என் பொஞ்சாதிங்கய்யா."

"உன் பொஞ்சாதி கழுகுக் கிரீடம் வச்சிக்கிட்டா தண்ணி எடுக்கப் போனா? நீயே கொத்துறியா, கல்லையே உடைக்கச் சொல்லவா?"

மகளாவது மிஞ்சட்டும் என்று ஹூயி உளியை எடுத்தான். நாலே அடியில் முகம் போனது.

பத்து வருடம் கழித்து வந்த அரசன் பழைய தெய்வங்களை மறுபடி செதுக்கச் சொன்னான். கோயில் வேலையை முடித்த ஹூயி, மகளின் கல்லுக்கு முன்னால் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தான்.

"என்னடா, ஆரம்பிக்கலையா?" என்றேன்.

"தக்காத் மூக்கு எப்படிடா இருக்கும்? நீ பாத்திருக்கியே, சொல்லு."

எனக்கும் நினைவு வரவில்லை. பொழுது சாய்ந்ததும் உளியைப் பையில் போட்டுக்கொண்டு இருவரும் வீட்டுக்கு நடந்தோம்.